வெயிலில் அளந்த நானூறு மீட்டர்

கனி,

சாப்பிட்டாயா என்று நேற்றுதான் போனில் கேட்டேன், நாளையும் கேட்பேன். ஆகையால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் தடகள மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இரும்புக் கடை காதர் என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாதனைப் பதிவாளரான நான் எழுதாமல் மலர் அச்சுக்குப் போகாது என்கிறார். எனக்குக் கட்டுரை எழுத வராது. கூட்டுறவுத் தணிக்கையில் அறிக்கை எழுதிப் பழகிய கை இது. எதை எழுதினாலும் "மேற்படி" என்றுதான் தொடங்குகிறது. கடிதமென்றால் யாரிடம் பேசுகிறோம் என்பது தெரியும், தடுமாற்றம் கொஞ்சம் குறையும். அதனால் உனக்கு எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்ததையே நான் விளக்கிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்காக என்று பொறுத்துக்கொள். இன்னொரு காரணமும் இருக்கிறது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். பிறகு மணியாச்சி ரயில்வே வேலையிலிருந்து திருச்சிக்கு மாற்றல் வாங்கிப் போய்விடுவாய். பெண்ணின் அப்பா நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நான் பேச மாட்டேன் என்பது உனக்கே தெரியும். எந்த இலைக்கு ரசம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு பந்தியோரமாக நின்றுவிடுவேன். அன்றைக்கு விட்டுப்போவதை இன்றைக்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

நம் ஊரில் ஹாக்கி மட்டை பிடித்தவனுக்குத்தான் டீக்கடை பெஞ்சில் இடம் ஒதுங்கும். ஓடுகிறவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால்தானோ என்னவோ, நம் மன்றத்துக்காரர்கள் தங்களுக்குள் ரொம்பக் கறாராக இருந்துவிட்டார்கள். ஒருவர் மன்றத்தின் சாதனையை முறியடித்தார் என்று சொல்வதற்கு முன் நாங்கள் படுத்தும் பாட்டைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மூன்று பேர் கடிகாரம் பிடிக்க வேண்டும். ஒருவருடையதை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது; தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து என்னிடம் தர வேண்டும். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் உள்ளது. ஓடியவருக்குச் சாதகமான கடிகாரத்தை எடுத்துக்கொண்ட வழக்கம் இங்கே என்றைக்குமே இல்லை. ஓடுகிறவரின் ரத்த சொந்தம் கடிகாரத்தைத் தொடவே கூடாது. இதெல்லாம் மற்ற ஊர்களிலும் ஓரளவுக்கு உண்டு. ஆனால் அளப்பது பற்றி நம்மிடம் இருக்கும் வழக்கம் இந்த மண்ணால் வந்தது.

தீப்பெட்டி ஆபீஸ்களைத் தாண்டி, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது நம் மைதானம். மேலே சரளும் செம்மண்ணும் கொட்டி உருட்டியிருந்தாலும் கீழே படுத்திருப்பது கரிசல்தான். ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து அது ஊதும். வெயில் ஏறினால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். இரண்டு வளைவுகளுக்கும் நடுவில் ஊன்றியிருக்கிற மையக்கற்கள் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சாய்ந்து கொஞ்சம் நகர்ந்துவிடும். தை மாதம் அவற்றைத் திரும்ப ஊன்றி, கம்பி இழுத்து வளைவு போட்டு, உள்ளோரத்தில் முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்புக் கோடு போடுவோம். அப்படியும் மண்ணை நம்புவதில்லை. போட்டியன்று விடியலில் இரும்பு டேப்பால், அது முடிகிற இடத்தில் ஆணி குத்தி, துண்டு துண்டாக ஒரு சுற்று அளப்போம். யாராவது சாதனையை முறியடித்துவிட்டால் அன்றைக்கே மறுபடியும் அளப்போம். கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் படுகிற வழியாக அளக்க வேண்டும். சுற்று நானூறு மீட்டருக்கு மேல் இரண்டு விரல் கூடியிருந்தால் பாதகமில்லை. ஒரு நூல் குறைந்திருந்தாலும் அந்த ஓட்டம் சாதனை ஆகாது. ஓடியவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பது அதற்கப்புறம் பேச்சே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாகப் பலகை. மன்றக் கொட்டகையில் மாட்டியிருக்கும் அந்தத் தகரப் பலகையில் புதியவரின் பெயரைப் பழையவர்தான் எழுத வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் வந்து, தூரிகையைப் பிடித்து, தன்னை முந்தியவரின் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். பழைய பெயரை அடிப்பதில்லை. அது மேலேயே இருக்கும். அதனால் அந்தப் பலகையில் எழுத்தெல்லாம் கோணலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கும். பெயிண்டரை வைத்து அழகாக எழுதிவிடலாம் என்று ஒரு முறை பேச்சு வந்தபோது காதர், "அழகு வேணும்னா காலண்டரு வாங்கி மாட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

எண்ணூறு மீட்டர் பெண்கள் வரிசையில் நான்கு வருஷமாகக் கடைசியில் இருந்தது உன் பெயர். நீ அதை ஓடிய காலையில் நான் மைதானத்தில்தான் இருந்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை: நான் அந்த ஓட்டத்தைப் பார்க்கவில்லை. சொந்தக்காரர் கடிகாரம் பிடிக்கக் கூடாது என்றுதான் விதி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம். முடிவுக் கோட்டருகே நின்றால், என் முகத்தைப் பார்த்து யாராவது ஒரு கடிகாரக்காரர் ஒரு இமைப்பொழுது முன்னாலேயே அழுத்திவிட்டால்? பின்னால் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால்? மோட்டார் அறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். இரண்டு தடவை காலடிச் சத்தம் கேட்டது, பிறகு கைதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தபோது நீ தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நன்றாக ஓடினேனா என்று கேட்டாய். நன்றாக ஓடினாய் என்றேன்.

இந்த வருஷம் மாசியில் நடந்த போட்டிக்கு உன்னால் வர முடியவில்லை. தண்டவாளம் புதுப்பிக்கிற வேலை, லீவு கிடையாது என்றாய். நடந்ததை அரைகுறையாகப் போனில் சொன்னேன். முழுதாக எழுதுவது இப்போதுதான்.

வழக்கமாக எண்ணூறு மீட்டரை வெயில் ஏறுவதற்கு முன்பே ஓடவிட்டுவிடுவோம். இந்த முறை சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகிவிட்டது. வருகிறார், சாத்தூரைத் தாண்டிவிட்டார், இதோ வந்துவிட்டார் என்று போன் மேல் போன். அவர் கொடியசைக்காமல் தொடங்கினால் மரியாதையாக இருக்காது என்று கமிட்டியில் பாதிப் பேர் சொன்னார்கள். காதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "அவிய வாரதுக்குள்ள வெயிலு வந்துட்டு. அதுக்கே மாலையைப் போட்டு ஆரம்பிச்சிருவமா அண்ணாச்சி" என்றார். கடைசியில் பெண்கள் எண்ணூறு மீட்டர் தொடங்கும்போது உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

நாகலாபுரத்திலிருந்து வந்திருந்த இசக்கியம்மாளை நீ அப்போது அறிய மாட்டாய். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, ஒல்லி, யாரிடமும் பேசாது. அம்மா ராமலட்சுமி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். அப்பா இல்லை. சென்னையில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் பிள்ளையின் ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஏதாவது ஒரு மன்றத்தின் சாதனைச் சான்று கொண்டுவந்தால் படிப்பும் விடுதியும் இலவசமாக வாங்கித் தருகிறேன், அது இல்லாமல் கேட்க எனக்கு வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மா சம்பளத்தை விட்டுவிட்டு மகளோடு வந்தது அதற்காகத்தான்.

நான் சுவரைப் பார்த்து நிற்க இந்த முறை காரணம் இல்லை. முழுதாகப் பார்த்தேன். முதல் சுற்றில் அவள் நான்காவதாகத்தான் இருந்தாள். யாரையும் முட்டவில்லை, யாரையும் துரத்தவும் இல்லை. மற்றவர்கள் வெயிலில் தோளை உயர்த்திக்கொண்டு ஓடியபோது அவள் கை மட்டும் தளர்ந்து, அளவாக வீசிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரைத் தாண்டினாள். கடைசி வளைவில் முன்னால் போனவளுக்கு வெளிப்பக்கமாக, கூடுதல் தூரம் ஓடி, சுற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும் கோட்டுக்கும் நடுவில் யாருமில்லை. நீயும் இப்படித்தான் வந்திருப்பாய் என்று அப்போது தோன்றியது. நான்கு வருஷம் கழித்து, இன்னொருத்தர் பிள்ளையை வைத்து, நான் பார்க்காமல் விட்டதைப் பார்த்தேன்.

சீட்டுகளைப் பிரித்தேன். இரண்டு ஒத்துப்போயின. உன் நேரத்தைவிட ஒரு நொடிக்கும் மேல் குறைவு. ராமலட்சுமி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அளந்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன். மற்றப் போட்டிகளும் முடிந்து மைதானம் ஒழிந்ததும், வெயில் உச்சந்தலைக்கு நேராக நிற்கையில், காலையில் அளந்த அதே டேப்பை நானும் காதரும் பிடித்தோம். சூட்டில் கையை வைக்க முடியவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தேன். சுற்றி வந்து கடைசித் துண்டைக் கூட்டிப் பார்த்தபோது நானூறுக்கு நான்கு விரற்கடை குறைந்தது. விடியலில் ஒரு விரல் கூடுதலாக இருந்த அதே சுற்று. மறுபடி கூட்டினேன். அதே கணக்கு.

"மண்ணு சுருங்கிட்டு" என்றார் காதர். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. வேறெந்த ஊர்க்காரராக இருந்தாலும் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பார், டேப்பைச் சந்தேகப்பட்டிருப்பார். நாம் பிறந்ததிலிருந்து வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்த்து வளர்ந்தவர்கள். எது கோணினாலும் கரிசலைத்தான் கை காட்டுவோம்.

ராமலட்சுமிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "மண்ணு சுருங்குனதுக்கு எம்பிள்ளை என்ன செய்யும் அண்ணாச்சி" என்று கேட்டார். விதி அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் பலகை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "காலையில இருந்து இந்த மைதானத்துல எல்லாம் சுருங்கிட்டு. அண்ணாச்சி மக பேரு மட்டும் சுருங்காம இருக்கு" என்றார்.

"யக்கா, வார்த்தையை விடாதீய. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்று காதர் இடைமறித்தார்.

"எப்படிப்பட்ட ஆளுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? டேப்பைப் பிடிச்சது அவிய. நிக்குறது அவிய மக ரெக்கார்டு. நான் பாத்ததைச் சொல்லுதேன்."

இசக்கி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவர் சொன்னதில் பிழை இல்லை, கனி. சொந்தக்காரர் கடிகாரத்தைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்த நாங்கள், டேப்பைத் தொடக் கூடாது என்று எழுதவில்லை. எழுதியவனே நான்தான். அதைவிடக் கூச்சமான ஒன்றும் உண்டு. கணக்கு குறைந்தது என்று தெரிந்த அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. உன் பெயர் கடைசிப் பெயராகவே இருக்கும் என்ற ஆறுதல். அது அடங்குவதற்குள் அந்த அம்மா பேசிவிட்டார். முடிவை நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். தள்ளிப்போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தைரியம்.

உன் அம்மா கேட்டாள்: "இப்ப என்ன, நம்ம பிள்ளை ரெக்கார்டு நிக்குதா போகுதா?" நிற்கிறது என்றேன். "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவளே உனக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். நீ அப்போதுதான் லைனிலிருந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தாய். பேசியதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

"உன் ரெக்கார்டு போயிருக்கணும்மா. ஆனா போகலை. டிராக் நாலு விரக்கடை குறையுது."

"காலையில அளந்தப்போ?"

"ஒரு விரல் கூட இருந்துச்சு."

"ஒரே நாள்லயா? மழையும் இல்லாம மண்ணு அம்புட்டா நகரும்?" பிறகு, "எத்தனை மணிக்கு அளந்தீங்க?" என்றாய்.

"பன்னெண்டரைக்கு மேல இருக்கும். ஏன்?"

"டேப்பு எங்கன கெடந்துச்சு?"

"தரையிலதான். பூராவும் வெயில்."

"கையில பிடிக்க முடிஞ்சுதா?"

"துண்டைச் சுத்திக்கிட்டுப் பிடிச்சேன்."

"அப்பா, அது இரும்பு. வெயில்ல நீண்டிருக்கும். டேப்பு நீண்டா கோடெல்லாம் தள்ளிப் போயிரும். நானூறு மீட்டரை அது நானூறுன்னு காட்டாது, குறைச்சுத்தான் காட்டும். நாங்க தண்டவாளத்தை அளந்தா சூடு எவ்வளவுன்னும் சேத்து எழுதாம ஒரு கணக்கையும் தொட மாட்டோம். இந்த நாலஞ்சு விரக்கடையெல்லாம் வெயிலோட வேலை. மண்ணு ஒண்ணும் செய்யல, பாவம்."

எட்டாம் வகுப்பில் படித்ததுதான். உருண்டையைச் சூடாக்கினால் வளையத்துக்குள் நுழையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். படித்தது என் கையிலிருந்த டேப்புக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றவேயில்லை. ஆனால் உடனே இன்னொரு பயம் வந்துவிட்டது. பிடிக்காத கணக்கு வந்தால் பிடித்த கணக்கு வரும்வரை அளப்பதா? எந்தத் தணிக்கைக்காரனும் செய்யத் துணியாத காரியமல்லவா அது? இதை உன்னிடம் கேட்டேன். காலையில் எந்த நேரத்தில் அளந்தீர்களோ அதே நேரத்தில், அதே டேப்பை வைத்து, வேறு ஆட்கள் அளக்கட்டும், என்ன வருகிறதோ அதை எழுதுங்கள், குறைந்தால் குறைந்ததென்று எழுதுங்கள் என்றாய்.

"உன் ரெக்கார்டும்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்னைய ஒருத்தி முந்தியிருக்கா. முந்தலைன்னு நீங்க எழுதி, அதை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாய். உன் குரலில் வருத்தம் இருந்தது. அதை நீ மறைக்கவுமில்லை, என் மேல் போடவுமில்லை. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாய். "அப்பா, அவ எப்படி ஓடுனா?"

சொன்னேன். கை வீச்சைச் சொன்னேன், வெளிப்பக்கமாக வந்ததைச் சொன்னேன். முதல் சுற்றில் அவள் நிதானமாக இருந்தாளா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "நான் மொதச் சுத்துலயே உசுரை விட்டுருவேன்" என்று சிரித்தாய். தன்னைத் தோற்கடித்தவளின் ஓட்டத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்தேன். இந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தேன். நான் இல்லை. நான் சுவரைப் பார்த்து நின்றவன்.

காதரிடம் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாப்பா காலத்துல இருந்து இரும்புதான் விக்கோம். அந்த டேப்பே நம்ம கடை டேப்பு. அது நீளும்னு எனக்குத் தோணலையே அண்ணாச்சி. மண்ணை வைதுக்கிட்டு நின்னேனே" என்றார். உடனே மைதானத்துக்குப் போய், முளைக்குச்சிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆடு மாடு நுழையாமல் பார்த்துக்கொண்டார். ராமலட்சுமிக்கும் அவர்தான் போன் செய்தார். அந்த அம்மா நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸில் மகளோடு வந்து இறங்கினார்.

இப்போது டேப்பின் ஒரு முனையை யார் பிடிப்பது என்ற கேள்வி. என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். காதர் அந்த அம்மாவையே கூப்பிட்டார். "நீங்க பிடிங்க யக்கா. அப்புறம் எந்தப் பேச்சும் வராது."

"நான் எம்பிள்ளைக்கு வேண்டியவதான? எப்படிப் பிடிக்க?" என்றார் அவர். கேள்வி நியாயமானதுதான். அதனால் அவர் ஆரம்ப முனையை மட்டும் ஆணியில் வைத்துப் பிடிக்க, மறுமுனையைக் கமிட்டியில் ஒருவர் பிடிக்க, எண்ணைக் காதர் சத்தமாகப் படிக்க, நான் எழுதுவது என்று முடிவானது. சூரியன் இன்னும் பருத்திக் காட்டுக்கு மேலே வரவில்லை. டேப் சில்லென்று இருந்தது. ராமலட்சுமி ஒவ்வொரு தடவையும் குனிந்து, முனை ஆணியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, "ம்" என்றார். அந்த "ம்" வராமல் காதர் எண்ணைப் படிக்கவில்லை. இசக்கி கயிற்றுக்கு வெளியே நின்று, கூடக்கூட நடந்து வந்தாள். கடைசித் துண்டைப் படித்ததும் கூட்டினேன். நானூறு மீட்டர், அதற்கு மேல் ஒரு விரல்.

"கூடவா இருக்கு?" என்றார் ராமலட்சுமி. "அப்ப எம்பிள்ளை கூடுதலால்ல ஓடியிருக்கு?"

"ஆமா யக்கா. சுத்துக்கு ஒரு விரக்கடை. இலவசமா ஓடிக் குடுத்துட்டா" என்றார் காதர்.

இசக்கி சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ராமலட்சுமி டேப்பைச் சுருட்டுவதற்கு முன் முந்தானையால் மண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒங்க மகளுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேட்டதே அவள்தான் என்றும் சொன்னேன். அவர் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு மீதி டேப்பையும் துடைத்து, சுருட்டி, என் கையில் கொடுத்தார். முந்தின நாள் பேச்சுக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ பாசஞ்சரில் வந்து, வேலைச் சட்டையோடு அப்படியே கொட்டகைக்கு வந்தாய். தூரிகையைக் கையில் கொடுத்தார்கள். எழுத்தில் எப்போதும் நீ மோசம். "இசக்கியம்மாள்" என்ற பெயர் பலகையின் ஓரத்தில் முட்டி நின்றது, கடைசி எழுத்தை நெருக்கித் திணித்தாய். "ஏட்டி, பேரைக் கொஞ்சம் சின்னதா வச்சிருக்கக் கூடாதா?" என்று நீ அவளைக் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தணிவாக, "உன்னைய ஒருத்தி தாண்டுவா. அப்ப எங்க இருந்தாலும் வந்து எழுதிட்டுப் போகணும், என்ன?" என்றாய். அவள் தலையாட்டினாள். உன் அம்மா என் காதோரம், "இதுக்கா இந்தப் பிள்ளை இப்படி முகம் மலர்ந்து நிக்குது" என்று ஆச்சரியப்பட்டாள். சான்று போய்ச் சேர்ந்துவிட்டது என்று அந்தப் பயிற்சியாளரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஆடி மாதம் இசக்கி சென்னை போகிறாள்.

பொதுக்குழுவில் மூன்று விதிகள் சேர்த்தோம். சாதனை யாருடையதோ அவர் சொந்தக்காரர் டேப்பைப் பிடிக்கக் கூடாது. அளந்த நேரத்தை அளவோடு சேர்த்து எழுத வேண்டும். உச்சி வெயிலில் அளக்கக் கூடாது. இரண்டாவது விதியை எழுதும்போது பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இதற்கு முன் எப்போதாவது வெயிலில் அளந்து யாரையாவது தள்ளியிருக்கிறோமா என்று தெரிய வேண்டும். தள்ளியவை சில இருக்கின்றன. எந்த நேரத்தில் அளந்தோம் என்று எதிலும் இல்லை. ஆகவே தெரியவில்லை. இதை மலரில் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

புது வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்கிறார்கள். என்னிடம் மன்றத்து விதிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஏதாவது வந்தால் என்னையோ அம்மாவையோ கடிகாரம் பிடிக்கக் கூப்பிடாதே. நாங்கள் உன் பக்கமே அழுத்திவிடுவோம், அது கணக்கில் சேராது. சாப்பிட வா, தூங்க வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. தீர்ப்பு மட்டும் கேட்காதே. புது இடத்தில் உன்னை நிறையப் பேர் அளப்பார்கள். ஏதோ ஒரு சூட்டில் யாராவது நீ குறைகிறாய் என்று சொல்லிவிட்டால், உடனே நம்பிவிடாதே. ஒரு விடியல் போகட்டும். நீயும் அவர்களைக் காலையில் பார்த்து அளந்துகொள். இதை நான் உனக்குச் சொல்லித் தருவதாக நினைக்காதே. நீ சொன்னதைத்தான் திருப்பி எழுதுகிறேன்.

நேற்று மதியம் பந்தல்காரர் வந்தார். வாசலை அளக்க வேண்டுமென்று பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். மோர் கொடுத்து, நாளைக் காலையில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் போனார். உன் அம்மா அடுப்படியிலிருந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா